பிரிக்காத உறைக்குள் என்ன சுகம்?

பழைய ஆட்டப் புத்தகங்களின் பிளாஸ்டிக் உறை பிரிக்காத பிரதிக்காக ஏங்கும் சேகரிப்பாளர்களை எனக்குப் புரிவதே இல்லை. பேச்சாலும் பகடையாலும் கற்பனைப் பாத்திரங்களாக ஆடும் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' ஆட்டத்தை நடத்துபவருக்காக, அதை உருவாக்கியவர்களில் ஒருவரான கேரி கைகாக்ஸ் எழுதிய கையேடு 1979இல் வந்தது. அதைத் திறக்காமல் வைத்திருப்பதா? விதிகள் ஒழுங்காக அடுக்கப்படாத நூல் அது. தேடியது கிடைக்காது, தேடாதது ஒன்பது கிடைக்கும். மூலிகைகளின் குணங்கள், ரத்தினங்களைப் பற்றிய நம்பிக்கைகள், ஆட்சிமுறைகளின் வகைகள், பகடை உருட்டியே ஒரு நிலவறையை முழுதாகக் கட்டிவிடும் அட்டவணைகள்! தன்னை ஈர்த்த கதாசிரியர்களின் பட்டியலையும் பின்னிணைப்பில் தந்திருக்கிறார். நான் படித்த பழைய மாயக்கதைகளில் பாதி அந்தப் பட்டியல் காட்டிய வழிதான்.

1978இல் வந்த ஆட்டக்காரர் கையேட்டின் அட்டை இன்னும் பிடிக்கும். டேவிட் டிராம்பியர் வரைந்தது. பிரம்மாண்டமான சிலையின் கண்ணிலிருந்து இருவர் ரத்தினத்தைப் பெயர்க்கிறார்கள். சண்டை ஏற்கெனவே முடிந்துவிட்டது. இப்போதைய அட்டைகளிலோ எல்லோரும் ஓங்கிய வாளைக் கீழே இறக்குவதே இல்லை.

எனக்கு வேண்டியது கசங்கிய பிரதிதான். யாரோ தன் கதாபாத்திரத்தின் விவரங்களை எழுதி உள்ளே செருகி மறந்த தாள் இருந்தால் பெரும் பேறு. ஒரு மந்திரவாதிக்கு எவ்வளவு உயிர் மிச்சம் என்று காட்டும் புள்ளிகளை அழித்தழித்து எழுதியதில் தாளே தேய்ந்திருக்கும்.

1974இல் இந்த ஆட்டம் முதன்முதலில் வந்த, மூன்று சிறு புத்தகங்கள் கொண்ட பெட்டி முதலில் ஆயிரம் பிரதிகள்தான் அச்சானது. யாரிடமாவது இருந்தால் எனக்கு விற்க வேண்டாம். ஒருநாள் ஆட அழையுங்கள், போதும்.