கரண்டுக்கு ஏது திசை?

மாடியில் என் அறையில் இருக்கும் கணினியின் திரை, ஒருவழியாகக் கீழே கூடத்துத் தொலைக்காட்சியில் தெரிய ஆரம்பித்துவிட்டது. "இதற்குப் பென் டிரைவ் போதாதா?" என்று கேட்கப்போகிறவர்கள், எங்கள் தெருவில் ஏற்கெனவே அதைக் கேட்டுவிட்டவர்களுக்குப் பின்னால் வரிசையில் நிற்கும்படி கேட்டுக்கொள்கிறேன். முழங்கால் அறுவை சிகிச்சைக்குப் பிறகு மாடிப்படி ஏறாத அப்பா, பழைய கேசட்டுகளிலிருந்து நான் கணினிக்கு மாற்றி வைத்திருக்கும் குடும்பக் காணொளிகளைப் பார்க்க ஆசைப்பட்டார். அவற்றில் பாதியை இயக்க முடியாது என்று தொலைக்காட்சி கைவிரித்தது. மீதி ஒவ்வொன்றும் 4 ஜிபியைத் தாண்டியதால் பென் டிரைவுக்குள் நுழையவில்லை. டிரைவை வேறு முறையில் ஃபார்மட் செய்தாலோ, அப்படி ஒன்று செருகப்பட்டிருப்பதையே தொலைக்காட்சி ஒப்புக்கொள்ளவில்லை. வைஃபையில் அனுப்பியபோது கான்கிரீட் தளத்தைத் தாண்டி வருவதற்குள் படம் திக்கித் திணறி, அக்கா கல்யாணத்தில் மாப்பிள்ளையின் கை முதல் முடிச்சோடு உறைந்து நின்றது. அபசகுனம் என்று அம்மா உடனே நிறுத்தச் சொல்லிவிட்டார். அக்காவின் மூத்த மகன் கல்லூரிக்குப் போய்க்கொண்டிருப்பது அந்த நேரத்தில் அவருக்கு நினைவுக்கு வரவில்லை.

ஆகவே, படத்தையும் ஒலியையும் ஒரே கம்பியில் தொலைக்காட்சிக்குக் கொண்டுபோகும் எச்டிஎம்ஐ கேபிள். கடைக்காரர் 15 மீட்டர் செம்புக் கேபிள் ஒன்றை எடுத்துப் போட்டு, "4கே எல்லாம் அருமையா ஓடும், கண்ணை மூடிக்கிட்டு வாங்கிட்டுப் போங்க" என்றார். கண்ணை மூடிக்கொண்டு பார்த்திருந்தால் ஒரு குறையும் தெரிந்திருக்காதுதான். திறந்து பார்த்ததால், திரை முழுக்க வெள்ளைப் புள்ளிகள் மினுங்கின. இடையிடையே படம் கறுத்துப் போய், யோசித்துவிட்டுத் திரும்பி வந்தது. 4கே படம் என்பது சுமார் 83 லட்சம் புள்ளிகள், அவையும் நொடிக்கு 60 முறை புதிதாக வரவேண்டும். சாதாரணச் செம்புக் கம்பி ஐந்தாறு மீட்டருக்கு மேல் அந்தச் சுமையைத் தூக்கத் தடுமாறும். கடைக்காரரிடம் இதை விளக்கினேன். "உங்க டிவியை மாத்திப் பாருங்க" என்றார்.

இந்தச் சோதனைகளின்போது நான் மாடியிலிருந்து "தெரியுதா?" என்று கத்துவதும், கீழேயிருந்து "தெரியல" என்று பதில் வருவதும் அப்பாவுக்குப் பெரும் உற்சாகத்தைக் கொடுத்துவிட்டன. 1982இல் இலங்கையில் ரூபவாஹினி தொலைக்காட்சி தொடங்கிய பிறகு, தூத்துக்குடி மொட்டைமாடிகளில் ஆன்டெனாவைத் திருப்பித் திருப்பி அவர்கள் தலைமுறை எழுப்பிய அதே கூச்சல் அல்லவா? "கொழும்புலயிருந்து கடல் தாண்டி, கம்பியே இல்லாம வந்துச்சுலே. உனக்கு மாடியில இருந்து கீழ இறங்க மாட்டேங்கு" என்றார். பதில் சொல்ல முடியாத கேள்விகளைக் கேட்பதற்கென்றே முப்பது ஆண்டுகளுக்கு மேல் பள்ளிக்கூடத்தில் சம்பளம் வாங்கியவர் அவர்.

பிறகு ஒளியிழைக் கேபிள் 20 மீட்டர் வரவழைத்து, எலக்ட்ரீசியன் அண்ணாச்சியைக் கூப்பிட்டேன். எச்டிஎம்ஐ என்ற ஒன்று உலகத்துக்கு வந்ததே 2002 டிசம்பரில்தான்; எங்கள் வீட்டு ஒயரிங் குழாய்கள் அதற்கு வெகுகாலம் முன்பே சுவருக்குள் போய்விட்டவை. வளைவில் அந்தப் பட்டையான முனை சிக்கிக்கொண்டதும் அண்ணாச்சி சற்றும் கலங்காமல் கட்டிங் பிளேயரை எடுத்து, "தலையை வெட்டி உள்ள இழுத்துட்டு, அப்புறம் முறுக்கி டேப் சுத்திருவோம்" என்றார். உள்ளே இருப்பது கண்ணாடி இழை என்று நான் அலறிய அலறலில் எதிர் வீட்டு அத்தை வாசலுக்கு வந்துவிட்டார். கடைசியில் கேபிள் வென்டிலேட்டர் வழியாக வெளியேறி, சன்ஷேடில் நடந்து, மழைநீர்க் குழாயோடு இறங்கிக் கூடத்து ஜன்னலுக்குள் புகுந்தது. ஒரு சாண் இடைவெளியில் கிளிப் அடித்து அண்ணாச்சி கலைநயத்தோடு முடித்த பிறகு, திரையில் 'நோ சிக்னல்' என்று வந்தது. அந்த வகைக் கேபிளில் படம் ஒரு திசையில்தான் போகும்; கணினிப் பக்கத்து முனை எது, தொலைக்காட்சிப் பக்கத்து முனை எது என்று அந்தந்த முனையிலேயே அச்சிட்டிருக்கிறார்கள். அண்ணாச்சி தலைகீழாக ஓட்டியிருந்தார். "கரண்டுக்கு ஏது தம்பி திசை?" என்று கேட்டுக்கொண்டே அத்தனை கிளிப்பையும் பிடுங்கினார், அந்த இடங்களில் எல்லாம் இப்போது சுவரில் அம்மைத் தழும்புகள்.

படம் வந்துவிட்டது, ஆனால் மவுஸ் அதனோடு இறங்கி வரவில்லை. ப்ளூடூத் விசைப்பலகையும் தளத்தைத் தாண்ட மறுத்துவிட்டதால், அப்பா பார்க்கும் வரை நான் மேலே ஆபரேட்டராக உட்கார்ந்திருக்க வேண்டும். கேபிள் செருகிய கணமே ஒலி முழுவதும் கீழே போய்விடுவதால், என் திரையில் அக்கா கல்யாணம் மேளம் இல்லாமல் நடக்கிறது. "நிறுத்து", "அந்தச் சித்தப்பாவைத் திரும்பப் போடு" என்று கீழேயிருந்து உத்தரவுகள் வருகின்றன. என் திரையில் தெரிவதெல்லாம் அப்படியே அங்கும் தெரிவதால், மேலாளர் எனக்கு எழுதும் மின்னஞ்சல்களை அம்மா வாய்விட்டுப் படித்து, "இந்த ஆளு ஏன் உன்னை இப்படி விரட்டுதான்?" என்று வருத்தப்படுகிறார். இரண்டாவது கேபிளின் விலையை என் மனைவி அறிந்துகொண்டதும் இந்த வழியில்தான்.

தொடர்பைத் துண்டித்துவிடலாம் என்று எழுந்தேன். ஆனால் இந்தப் பதிவைத் தட்டத் தொடங்கியதிலிருந்தே கீழே அப்பா வரிக்கு வரி படித்துக்கொண்டிருக்கிறார். இதுவரை விட்டுப்போன ஒற்றுகள் அனைத்தும் உரத்த குரலில் திருத்தப்பட்டுவிட்டன. ரூபவாஹினி பத்தியில் மட்டும் திருத்தம் எதுவும் வரவில்லை. எழுத்தைப் பெரிதாக்கச் சொன்னார், பெரிதாக்கினேன், இப்போது என் திரையில் நான்கு வரிகளுக்கு மேல் கொள்ளவில்லை, "அடுத்த பக்கம் எங்கலே?" என்று கேட்கிறார்.