ஏன் தள்ளித் தள்ளி நிக்கிய?

போன மாதம் இங்கே ஜப்பானில் தொத்தோரி மணல்மேட்டில் எடுத்த குடும்பப் படத்தை அம்மாவுக்கு அனுப்பினேன். ஐந்தாவது நிமிடம் போன். "ஏல, நாலு பேரும் ஏன் தள்ளித் தள்ளி நிக்கிய? வீட்ல எதும் சண்டையா?"

சிரித்துவிட்டேன். அப்புறம்தான் சுருக்கென்றது. குடும்பப் படம் என்றால் தோளோடு தோள் இடிக்க வேண்டாமா? "இன்னும் கொஞ்சம் ஒட்டி நில்லுங்க" என்று ஸ்டுடியோக்காரர் வந்து தாடையைப் பிடித்துத் திருப்ப வேண்டாமா? நாங்களோ ஆளுக்குப் பத்தடி இடைவெளி விட்டு, நடுவில் நான் ஒரு குடையைப் பிடித்துக்கொண்டு, வெறும் மணலில் நிற்கிறோம்.

எல்லாம் ஷோஜி உயேதா என்ற புகைப்படக்காரர் செய்த வேலை. 1949இல் அவர் தன் மனைவி மக்களோடு தானும் சேர்ந்து நின்று எடுத்த 'அப்பா, அம்மா, பிள்ளைகள்' என்ற படம் இந்தப் பக்கம் பிரசித்தம். மணல், வானம், இரண்டுக்கும் நடுவே செஸ் காய்களைப் போல ஆட்கள். மனைவி கிமோனோவில், ஒரு பையன் சைக்கிளில். யாரும் யாரையும் தொட்டு உரசி நிற்கவில்லை. ஆனாலும் ஒரே குடும்பம் என்பது பார்த்ததும் தெரிகிறது. இதை அம்மாவுக்கு போனில் எப்படி விளக்குவது?

உயேதா 1913இல் நான் குடியிருக்கும் இதே சகாய்மினாதோவில் பிறந்தவர். அப்பாவுக்கு மரச்செருப்புத் தொழில். 19 வயதில் டோக்கியோவுக்குப் போய் மூன்றே மாதம் புகைப்படம் படித்துவிட்டுத் திரும்பி, ஊரிலேயே ஸ்டுடியோ போட்டார். அவ்வளவுதான். 2000இல் 87 வயதில் இறக்கும்வரை இந்த ஊர்தான். பிரான்சில்கூட அவர் பாணிக்குப் பேர் கிடைத்தது. அவரோ கடைசிவரை தன்னை அமெச்சூர் என்றே சொல்லிக்கொண்டார்.

அந்த மூன்று மாதம்தான் என்னை உறுத்துகிறது. நானும் மூன்று வருடம் என்று சொல்லித்தான் உடன்குடியிலிருந்து கிளம்பினேன். இது ஏழாவது வருடம். ஜப்பானிலேயே ஆள் குறைந்த மாகாணம் இந்தத் தொத்தோரி, மொத்தமே ஐந்தரை லட்சத்துக்கும் குறைவான பேர். ஸ்டார்பக்ஸ் காப்பிக்கடைகூட 2015இல்தான் வந்தது. 'எங்களிடம் ஸ்தாபா இல்லை, ஆனால் சுனாபா இருக்கிறது' என்று ஆளுநரே ஜோக்கடித்தாராம். ஸ்தாபா என்றால் ஸ்டார்பக்ஸ், சுனாபா என்றால் மணல் விளையாட்டுத் திடல். இப்படிப்பட்ட ஊரிலும் ஒருவருக்கு எழுபது வருடத்துக்குப் படம் கிடைத்திருக்கிறது. எனக்கு என் ஊரில் என்ன குறைந்தது?

சரி, இங்கே பழகிவிட்டது. நண்டு சீசன் தெரியும், குப்பை பிரிக்கத் தெரியும். 'சாப்பாட்டை மறந்தாலும் குடையை மறக்காதே' என்பது இந்தப் பக்கத்துப் பழமொழி. அதன்படி ஒழுங்காக நடக்கிறேன். ஆனால் குளிர்காலம் முழுக்க வெயில் முகம் காட்டாது, துணி காயாது. அப்போதெல்லாம் தேரிக்காடு ஞாபகம் வந்துவிடும். செக்கச்செவேலென்ற மணல், ஆடிக்காற்றில் பறந்து கண்ணில் விழும். வெள்ளை வேட்டியோடு போனால் கரை போடாமலே சிவப்புக் கரையோடு திரும்பலாம்.

ஹோக்கியில் 1995இல் திறந்த உயேதா அருங்காட்சியகத்துக்கு நாலு தடவை போயிருக்கிறேன். அங்கே ஓர் இருட்டறையில் பிரம்மாண்டமான லென்ஸ் வழியாக தாய்சென் மலை தலைகீழாகச் சுவரில் விழும். எனக்கு வாய்த்தது மூன்று தடவை தலைகீழ் மேகம்தான்! நாலாவது தடவை மலை தெரிந்தது. நான் மட்டும் ஒரு படத்தின் முன்னாலேயே நின்றுவிட்டேன். 1983இல் மனைவி இறந்ததும் மனிதர் கேமராவைத் தொடவே மனமில்லாமல் இருந்திருக்கிறார். டோக்கியோவில் இருந்த இரண்டாவது மகன்தான் ஒரு ஃபேஷன் வேலையைக் கொடுத்து இழுத்திருக்கிறான். எழுபது வயதில் மறுபடியும் மணல்மேட்டுக்குப் போய், கோட்டு சூட்டு போட்ட ஆட்களை நிறுத்தி எடுத்திருக்கிறார்.

நேற்று அம்மா ஒரு படம் அனுப்பினாள். எங்கள் படம்தான். உடன்குடி ஸ்டுடியோவில் கொடுத்து நாலு பேரையும் நகர்த்தி ஒட்ட வைத்து, நடுவில் நாற்காலி போட்டுத் தானும் உட்கார்ந்துகொண்டாள். பின்னால் நாலு பனைமரம். குடையை மட்டும் எடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டாளாம். "வெயிலு அடிக்கும்லா."