வலது பக்கத்துக் கல்

ஏப்ரல் 24
சி.டி. ஸ்கேன் அறிக்கை மாலையில் கைக்கு வந்தது. வலது சிறுநீரகத்தின் கீழ்க்கிண்ணத்தில், அதாவது உள்ளே சிறுநீர் சேரும் குழிகளில் அடியில் இருப்பதில், 13 மில்லிமீட்டரில் ஒரு கல் இருக்கிறது. அதன் அடர்த்தி 1180 ஹவுன்ஸ்ஃபீல்டு அலகு என்று போட்டிருக்கிறார்கள். எல்லோரும் 13 என்ற எண்ணைப் பற்றியே கேட்கிறார்கள். எனக்கு 1180தான் உறுத்துகிறது.

ஏப்ரல் 25
இன்று வலியே இல்லை. வலி இல்லாத நாளில், கல்லும் இல்லை என்று மனம் வாதாடத் தொடங்கிவிடுகிறது.

ஏப்ரல் 27
இங்குள்ள மருத்துவமனையில் படத்தைப் பிரித்துப் பார்ப்பதற்கு முன்பே அதிர்வலை சிகிச்சைக்கு நாள் குறிக்கத் தயாராகிவிட்டார்கள். கத்தி இல்லை, அன்றே வீடு திரும்பலாம் என்பதெல்லாம் உண்மைதான். உடலுக்கு வெளியிலிருந்து அதிர்வலைகளைக் கல்லின்மீது குவித்து அதைப் பொடியாக்கும் இந்த முறையை, விமானம் கட்டிய டோர்னியர் நிறுவனத்தின் கருவியைக் கொண்டு 1980இல் மியூனிக்கில் முதன்முதலாக ஒரு நோயாளிக்குச் செய்தார்கள். எத்தனையோ பேரைப் பெரிய அறுவையிலிருந்து காப்பாற்றிய முறை அது. ஆனால் ஆயிரத்தைத் தாண்டிய அடர்த்தியுள்ள கல் எளிதில் உடையாதாமே என்று நான் கேட்ட பிறகுதான் அறிக்கையைக் கையில் எடுத்தார்கள். இரண்டு மூன்று சிட்டிங் கொடுத்துப் பார்க்கலாம் என்று பதில் வந்தது. எந்தக் கருவியை வாங்கிப் போட்டிருக்கிறார்களோ, அந்தச் சிகிச்சைதான் முதலில் வாயில் வருகிறது.

ஏப்ரல் 28
அம்மா வாழைத்தண்டுச் சாற்றோடு நிற்கிறாள். "ஒங்க அப்பாவுக்கு இதுலதான கல்லு விழுந்துச்சு" என்பது அவள் கட்சி. அப்பாவுக்கு இருந்தது நாலு மில்லிமீட்டர். அந்த அளவுக் கல் பெரும்பாலும் தானாகவே இறங்கிவிடும், பெயர் மட்டும் வாழைத்தண்டுக்குப் போயிற்று. எதுவும் சொல்லாமல் குடித்துவிட்டேன். பாலை நிறுத்தச் சொன்ன எதிர்வீட்டு அக்காவின் யோசனையை மட்டும் ஏற்கவில்லை. உணவிலுள்ள கால்சியம், கல்லை உண்டாக்கும் ஆக்சலேட் என்ற பொருளைக் குடலிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும் என்பதால், குறைக்க வேண்டியது உப்பைத்தான்.

மே 2
மதுரையில் பார்த்த மருத்துவர் படத்தைத் திரையில் ஏற்றி, கிண்ணத்தின் கழுத்தை அளந்து காட்டினார். கல் உடைந்தாலும் அதன் துண்டுகள் நீளமான, குறுகலான அந்தக் கழுத்து வழியாக மேலே ஏறித்தான் வெளியேற வேண்டும். கீழ்க்கிண்ணத்துக் கல்லுக்கு அதிர்வலை அவ்வளவாகக் கைகொடுக்காததற்கு அது ஒரு முக்கியக் காரணம். அவர் சொன்ன வழி ஆர்.ஐ.ஆர்.எஸ். என்கிற லேசர் முறை: வளையும் மெல்லிய கருவியைச் சிறுநீர் வரும் வழியாகவே சிறுநீரகம்வரை கொண்டுபோய், ஹோல்மியம் லேசரால் கல்லைத் தூளாக்குவது. முதுகில் துளையிட்டு எடுக்கும் பி.சி.என்.எல். பற்றி நானே கேட்டேன். ஒரே தடவையில் சுத்தமாக எடுப்பதில் அதற்கு மிஞ்சியது இல்லை, ஆனால் ரத்தப்போக்கு அபாயமும் அதில்தான் கூடுதல், 20 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட கல்லுக்குத்தான் அதை முதலில் நினைப்பது வழக்கம் என்றார். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பேசியவர் இவர்தான்.

மே 3
குடிக்கும் தண்ணீரை அல்ல, வெளியேறும் சிறுநீரைத்தான் கணக்கில் கொள்ள வேண்டுமாம். ஒரு நாளைக்கு இரண்டரை லிட்டர்.

மே 5
இந்தக் கல்லை எந்த முறையில் எடுத்தாலும், ஜூனில் அந்த இரண்டரை லிட்டருக்கு எங்கே போவேன் என்பதே இன்று முழுவதும் யோசனை. எங்கள் பள்ளியில் ஆசிரியைகளின் கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் கிடையாது. குழாயில் தண்ணீர் முற்பகலிலேயே நின்றுவிடும். அதனால் நாங்கள் எல்லோரும் தொண்டையை நனைப்பதோடு நிறுத்திக்கொள்கிறோம். கோவில்பட்டி வெயிலில், காலையில் நிரப்பிய பாட்டில் மாலையில் முக்கால்வாசித் தண்ணீரோடு வீடு திரும்புகிறது. ஒருமுறை வந்தவர்களுக்கு மறுபடி வருவது சாதாரணம் என்கிறார்கள். லேசருக்குப் பணம் புரட்டிவிடலாம். தாழ்ப்பாள் கேட்டு எழுதிய மனுவுக்குப் பதில் வாங்குவதுதான் பெரும்பாடாக இருக்கிறது.

மே 7
அண்ணன் பேசினான். அவனுக்கு அதிர்வலையில் ஒரே சிட்டிங்கில் போயிற்றாம், நான் எதற்காக மயக்க மருந்துவரை போகிறேன் என்று கேட்கிறான். அவனுடைய கல் 8 மில்லிமீட்டர், இருந்த இடம் வேறு, அடர்த்தியும் குறைவு. இதைச் சொன்னால் நான் படித்துப் படித்துப் பயப்படுகிறேன் என்கிறான். உடைந்த துண்டுகள் சிறுநீர்க்குழாயில் வரிசைகட்டி அடைத்துக்கொள்வதும் உண்டு என்று சொல்ல வாயெடுத்து, விட்டுவிட்டேன்.

மே 8
தூக்கம் வரவில்லை. எனக்கு லேசர்மீது பயமில்லை, அதற்குப் பிறகு உள்ளே வைக்கும் டி.ஜே. ஸ்டென்ட் மீதுதான் பயம். இரண்டு முனையும் சுருண்ட அந்த மெல்லிய குழாய் இருக்கும்வரை அடிக்கடி போக வேண்டியிருக்கும், போகும்போது இடுப்புப் பக்கம் சுண்டும், சிறுநீரில் ரத்தம் கலந்து வரும் என்று எழுதியிருக்கிறது. எடுக்க மறந்தவர்களுக்கு அதன்மேலேயே கல் படிந்துவிடுகிறதாம். இதோடு, தாழ்ப்பாள் இல்லாத அந்த அறைக்கு நான் எத்தனை முறை ஓடுவது?

மே 10
இரவில் குளிர்வது போலிருந்தது. காய்ச்சலோடு வலியும் வந்தால் எந்த முடிவுக்கும் காத்திராமல் உடனே வரச் சொல்லியிருந்தார்கள். அடைப்போடு கிருமியும் சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து. தெர்மாமீட்டர் 98.8 காட்டியது. அம்மாவை எழுப்பவில்லை.

மே 12
சிறுநீர் கல்ச்சரில் கிருமி இல்லை. மே 15 என்று நாள் குறித்தாயிற்று, லேசர்தான். மூன்று சிட்டிங் அதிர்வலை வாங்கிய பிறகும் இதே லேசருக்கு வந்து நிற்க நேர்ந்தால், செலவும் இரண்டு மடங்கு, விடுமுறையும் போய்விடும். எடுக்கும் துண்டைப் பரிசோதனைக்கு அனுப்பும்படி நானாகக் கேட்டேன். இந்த அடர்த்திக்கு, மருந்தில் கரையும் யூரிக் அமிலக் கல்லாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. ஆனாலும் எதனால் ஆன கல் என்று தெரிந்தால்தானே அடுத்ததைத் தடுக்க முடியும்?

மே 14
ஒப்புதல் படிவத்தைக் கையெழுத்துக்கு முன் முழுவதும் படித்தேன். சிறுநீர்க்குழாய் குறுகலாக இருந்து கருவி ஏறாவிட்டால், நாளை ஸ்டென்ட் மட்டும் வைத்துவிட்டு, சிறுநீர்க்குழாய் விரிந்து கொடுத்த பிறகு, இரண்டு வாரம் கழித்து மறுபடி செய்வார்களாம். அப்படியானால் பள்ளி திறக்கிற வாரத்தில் வந்து விழும். தலைமையாசிரியரிடம் இதை இன்றே சொல்வதா, நாளை பார்த்துக்கொள்வதா என்று தெரியவில்லை.