மழையில் மேயும் குதிரைக்கு எந்தப் போர்வை?

போன வாரம் லீட்ஸிலிருந்து ஒரு தோழி போன் செய்தாள். மகளுக்காக ஒரு கோப் குதிரை (குட்டையான, தடித்த உடம்புள்ள வகை) வாங்கியிருக்கிறார்கள், 12 வயது, சாதுவான குணம். எல்லாம் சரி, ஆனால் போர்வை வாங்கக் கடைக்குப் போனால் சுவர் முழுக்கத் தொங்குகிறதாம்: 50 கிராம், 200 கிராம், 600 டெனியர், 1200 டெனியர், கழுத்தோடு ஒன்று, கழுத்து இல்லாமல் ஒன்று. "அக்கா, எதைத்தான் வாங்குறது? மழை வேற ஆரம்பிச்சிடுச்சு" என்றாள். அரை மணி நேரம் போனில் சொன்னேன். சொல்ல மறந்ததையும் சேர்த்து இங்கே எழுதிவிடுகிறேன், அவளைப் போல இன்னும் யாருக்காவது தேவைப்படலாம்.

இங்கிலாந்தில் இதற்கு டர்ன்அவுட் ரக் என்று பெயர். லாயத்துக்குள் போடும் போர்வை வேறு, அது மழை தாங்காது. இது குதிரையை வெளியே மேய விடும்போது போடுவது. மேலே தண்ணீர் புகாத துணி, உள்ளே வியர்வை ஆவியாக வெளியேற வழி, மார்பிலும் வயிற்றின் கீழும் பின்னங்கால்களுக்கு இடையிலும் பட்டைகள். குதிரை உருண்டு புரண்டு எழுந்தாலும், ஓடினாலும் இடம் மாறாமல் நிற்க வேண்டும்.

நான் இருப்பது வெஸ்ட் யார்க்‌ஷயர், ஹாலிஃபாக்ஸுக்கு மேலே பென்னைன் மலைச்சரிவு. இங்கே குளிர்காலம் என்றால் முக்கால்வாசி மழைதான், அதுவும் மேற்கிலிருந்து காற்றோடு சேர்ந்து பக்கவாட்டில் அடிக்கும் மழை. என் குதிரை மேபெல், கறுப்பு வெள்ளைக் கோப், 14.2 ஹேண்ட் உயரம். ஒரு ஹேண்ட் 4 அங்குலம், புள்ளிக்குப் பின்னால் வருவதும் அங்குலம்தான், ஆகவே 58 அங்குலம்.

அவள் வந்த முதல் குளிர்காலத்தில் நான் செய்த தவறை முதலில் சொல்கிறேன், ஏனென்றால் நம் ஊரிலிருந்து வந்தவர்கள் எல்லோரும் இதைத்தான் செய்வோம் என்று தோன்றுகிறது. நான் மதுரையில் வளர்ந்தவள். மார்கழிக் காலையில் 20 டிகிரிக்கே தலையில் மப்ளர் சுற்றும் வீடு எங்களுடையது. நவம்பரில் ஒரு சாயங்காலம் மேபெல் கல் சுவரோரம் மழைக்கு முதுகைக் காட்டித் தலையைத் தொங்கப் போட்டு நின்றதைப் பார்த்து எனக்குத் தாங்கவில்லை. அன்று இரவே 350 கிராம் அடைப்பு கொண்ட, கழுத்தையும் சேர்த்து மூடும் கனமான போர்வை ஒன்றை ஆர்டர் செய்தேன். வந்ததும் போட்டுவிட்டேன், மார்ச் வரை கழற்றிப் போடுவதே பெரிய வேலையாக இருந்தது, அதனால் கழற்றவும் இல்லை. ஜனவரியில் ஒரு நாள் லாயத்தில் எனக்கு மூத்த ஒரு அம்மா வந்து, போர்வைக்குள் தோளுக்குப் பின்னால் கையை விட்டுப் பார்த்துவிட்டு, என் கையையும் பிடித்து உள்ளே விட்டார். ஈரம். மழை ஈரம் இல்லை, வியர்வை. தோள் இரண்டிலும் முடி தேய்ந்து தோல் தெரிந்தது. குளிர்காலத்தில் கொஞ்சம் இளைக்க வேண்டிய குதிரை இளைக்காமல் அப்படியே வசந்தகாலப் புல்லுக்குப் போனது, ஏப்ரலில் கால் எடுத்து வைக்கச் சிரமப்பட்டது. லாமினைட்டிஸ் தொடக்கம் என்றார் கால்நடை மருத்துவர். குளம்புக்குள் இருக்கும் திசு வீங்கும் நோய், முற்றினால் குதிரையையே இழக்க நேரிடும். சீக்கிரம் கவனித்ததால் பிழைத்தோம். அந்த ஆறு வாரமும் நான் சரியாகத் தூங்கவில்லை.

குதிரையின் உடம்பு நம் உடம்பு இல்லை. ஏறக்குறைய 5 டிகிரியிலிருந்து 25 டிகிரி வரை, உடல் சூட்டைக் காக்கத் தனியாக எதுவும் செலவழிக்காமலே அது சமாளிக்கும். குளிருக்குப் பழகிய, முடி நன்றாக வளர்ந்த குதிரை அதற்கும் கீழே தாங்கும். அந்த முடி வளர்வதைத் தூண்டுவது பெரும்பாலும் குளிர் இல்லை, பகல் நேரம் குறைவதுதான்; ஆகவே நாம் ஸ்வெட்டரைத் தேடுவதற்கு முன்பே அதன் உடம்பு வேலையைத் தொடங்கிவிடுகிறது. குளிரும்போது ஒவ்வொரு முடியும் நிமிர்ந்து நடுவில் காற்றைப் பிடித்துவைக்கும். உள்ளே அடுப்பும் இருக்கிறது: காய்ந்த புல்லின் நார் பெருங்குடலில் நொதிக்கும்போது சூடு உண்டாகிறது. குளிர்கிறதே என்று கவலை வந்தால் முதலில் கூடுதலாகக் காய்ந்த புல் போடுங்கள், போர்வை அப்புறம்.

இதெல்லாம் கெட்டுப் போவது மழையும் காற்றும் சேரும்போது. தொடர்ந்து நனைந்தால் முடி படிந்து, பிடித்துவைத்த காற்று போய்விடும், அதன் மேல் காற்று அடித்தால் சூடு வேகமாக இறங்கும். காய்ந்த 0 டிகிரியை விட ஈரமான 6 டிகிரி குதிரைக்குக் கஷ்டம் என்பதை இந்த மலையில் நான் பலமுறை பார்த்துவிட்டேன். நார்வேயில் 23 குதிரைகளை வைத்துச் செய்த ஓர் ஆய்வு 2016இல் வெளிவந்தது, எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு அது. போர்வை வேண்டுமா வேண்டாமா என்று குதிரைகளே பலகைகளைத் தொட்டுச் சொல்லப் பழக்கினார்கள். பலகையில் படுக்கைக் கோடு என்றால் போர்வை போடு, நிமிர்ந்த கோடு என்றால் கழற்று, வெறும் வெள்ளை என்றால் இப்படியே விடு. இரண்டு வாரத்துக்குள் எல்லாக் குதிரைகளும் மூக்கால் பலகையைத் தொட்டுச் சொல்லப் பழகிவிட்டன. வெயில் நாளில் கழற்றச் சொல்லின, மழையும் காற்றும் குளிருமான நாளில் போடச் சொல்லின. நம் குதிரைகளுக்கும் சொல்ல ஆசைதான், பலகைதான் இல்லை.

சரி, கடைக்கு வருவோம். அட்டையில் இரண்டு எண்கள் இருக்கும், இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். கிராம் என்பது உள்ளே வைத்துத் தைத்த பஞ்சு அடைப்பு, ஒரு சதுர மீட்டருக்கு எவ்வளவு என்று. 0 கிராம் என்றால் வெறும் மழைக்கோட்டு, 200 பக்கம் நடுத்தரம், 300க்கு மேல் கனம். சூட்டைத் தீர்மானிப்பது இதுதான். டெனியர் என்பது மேல்துணி நூலின் தடிமன்: 9000 மீட்டர் நூல் எத்தனை கிராம் எடை என்ற கணக்கு. டெனியர் கூடினால் பொதுவாகத் துணி சீக்கிரம் கிழியாது, அவ்வளவுதான். 1200 டெனியர் என்றால் சூடாக இருக்கும் என்றோ மழை புகாது என்றோ அர்த்தம் இல்லை. மழையைத் தடுப்பது துணியின் பூச்சும் தையல்களின் மேல் ஒட்டிய பட்டையும்தான். முதுகெலும்பின் மேலே நீளமாகத் தையல் ஓடும் போர்வையை நான் வாங்குவதில்லை, எங்கே ஒழுகினாலும் முதலில் அங்கேதான் ஒழுகும். தனியாகவோ வயதான குதிரைகளோடோ மேய்கிற குதிரைக்கு 600 போதும். மேபெலின் வயலில் ஒரு நான்கு வயது ஆண் குதிரை இருக்கிறான், அவனுக்கு மற்றவர்களின் போர்வையைப் பல்லால் பிடித்து இழுப்பதுதான் விளையாட்டு, அதனால் நான் 1200க்குப் போனேன், அந்தக் காசு வீண் இல்லை.

எல்லாவற்றையும் விட முக்கியம் அளவு. கிராம் தவறிப் போனால் கழற்றலாம், அளவு தவறினால் போட்ட அன்றே தேய்க்க ஆரம்பிக்கும். பிரிட்டனில் மார்பின் நடுவிலிருந்து உடம்பின் பக்கவாட்டில் டேப்பைப் பிடித்து, வாலுக்குப் பக்கத்தில் பின்பாகம் முடியும் இடம் வரை அளக்கிறார்கள், 3 அங்குலத்துக்கு ஒரு சைஸ். ஐரோப்பாவில் கழுத்து முடிந்து முதுகு தொடங்கும் மேட்டிலிருந்து வால் தொடங்கும் இடம் வரை, சென்டிமீட்டரில். ஜெர்மன் கடையில் இணையத்தில் வாங்கும்போது இதைக் கவனிக்காமல் அங்குலத்தைச் சென்டிமீட்டராக மாற்றி ஆர்டர் செய்துவிடாதீர்கள், இரண்டும் வேறு வேறு இடத்தின் அளவு. கோப் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு தொல்லை: மார்பும் தோளும் அகலம், முதுகு குட்டை. தோள் இறுக்குகிறதே என்று ஒரு சைஸ் பெரிதாக எடுத்தால் அது பின்னால் சரியும், சரிந்து அந்த மேட்டின் மேல் அழுத்தும், தோளை இன்னும் மோசமாகத் தேய்க்கும். முதல் வருடம் எனக்கு நடந்தது இதுவும்தான். அகல உடம்புக்கென்றே வெட்டிய போர்வைகள் இருக்கின்றன, தோளில் மடிப்பு வைத்தவை, அவற்றைத் தேடுங்கள்.

போட்டுப் பார்க்கும்போது நேராக வைக்காமல் கழுத்துப் பக்கம் தள்ளிப் போட்டு மெல்லப் பின்னால் இழுங்கள், முடி படிந்து உட்காரும்; பின்னாலிருந்து முன்னால் இழுத்தால் முடி எதிர்ப்பக்கம் மடங்கி அரிக்கும். கழுத்து விளிம்பு அந்த மேட்டுக்கு முன்னால் நிற்க வேண்டும். அப்புறம் தரையில் ஒரு பிடி புல் போட்டுத் தலையைக் குனிய விடுங்கள். நிற்கும்போது சரியாக இருக்கும் போர்வை குனிந்ததும் மார்பில் இறுக்கும், மேய்கிற பிராணி நாள் முழுக்கக் குனிந்துதானே நிற்கிறது. வயிற்றுப் பட்டைக்கும் வயிற்றுக்கும் நடுவே ஒரு கை அகல இடம் வேண்டும். அதை விடத் தொங்கினால் படுத்து எழும்போது கால் மாட்டிக்கொள்ளும். பின்னங்கால் பட்டைகளை ஒன்றுக்குள் ஒன்று நுழைத்து மாட்டுங்கள், அப்போதுதான் தொடையில் உராயாது.

இவ்வளவு சொன்னாலும் எல்லாக் குதிரைக்கும் 0 கிராம் என்று சொல்ல வரவில்லை. குளிர்காலத்திலும் கடுமையாகச் சவாரி செய்பவர்கள் வியர்வை காயட்டும் என்று குதிரையின் முடியை மழித்துவிடுவார்கள். அதன் கோட்டை நாம் எடுத்துவிட்டால் கோட்டு கொடுப்பது நம் கடமை, அங்கே 200, 300 தேவைப்படும். பந்தயத்திலிருந்து வந்த மெல்லிய தோல் தரோபிரெட், பல் தேய்ந்து புல்லைச் சரியாக மெல்ல முடியாத கிழவன், நோயில் இளைத்தது, இவற்றுக்கும் கனம் வேண்டும். தோழியின் கோப் போல முடி வளர்ந்து, நன்றாகத் தின்று, மறைவாக நிற்க ஒரு சுவரும் உள்ள குதிரைக்குப் பெரும்பாலான நாட்களில் போர்வையே வேண்டாம்.

பராமரிப்பு சுருக்கமாக: வீட்டு வாஷிங் பவுடர் போடாதீர்கள், மழைப் பூச்சு போய்விடும். சேறு காய்ந்ததும் பிரஷ்ஷால் தட்டுங்கள், வசந்தத்தில் போர்வை கழுவுகிறவர்களிடம் கொடுத்து மறுபடி பூச்சு போட்டு வாங்குங்கள். ஒழுகும் போர்வை, போர்வையே இல்லாததை விட மோசம், நனைந்த பஞ்சு முடியை அழுத்திக்கொண்டு நாள் முழுக்க முதுகில் கிடக்கும்.

மேபெலுக்கு இப்போது இரண்டே இரண்டு. 0 கிராம் ஒன்று, விடாத மழைக்கு. 100 கிராம் ஒன்று, மழையும் காற்றும் 5 டிகிரிக்குக் கீழே போய்ச் சேரும் வாரத்துக்கும், முதலாவது நனைந்து காயும் வரைக்கும். இரண்டிலும் கழுத்து மூடி தனியாகக் கழற்றுகிற மாதிரி. தினமும் இரண்டு வேளை உள்ளே கையை விட்டுப் பார்க்கிறேன், தோளுக்குப் பின்னால். காதையோ மூக்கையோ தொட்டு முடிவு செய்வதில்லை, அவை குளிர்ந்திருந்தாலும் உடம்பு சூடாக இருக்கும்.

தோழி நேற்று இரவு படம் அனுப்பினாள். 0 கிராம், 600 டெனியர், அகல வெட்டு. பழைய படுக்கை விரிப்பை முதுகில் விரித்து, முடி ஒட்டாமல் அதன் மேல் போட்டுப் பார்த்திருந்தாள், அதை மட்டும் மறக்காதே என்று நான் போனில் மூன்று முறை சொல்லியிருந்தேன். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன்: கழுத்து விளிம்பு மேட்டுக்குப் பின்னால் இரண்டு விரல் இறங்கியிருக்கிறது. 3 அங்குலம் சின்னதாக மாற்றி வாங்கச் சொல்லியிருக்கிறேன், சனிக்கிழமை கடைக்குப் போகிறாள்.