‘கொஞ்சம்’ என்றால் எத்தனை மீட்டர்?

லண்டன் புறநகரில் நாங்கள் வாங்கிய வீட்டின் கொல்லையில் ஒரு ஓக் மரம் நிற்கிறது. வீட்டைவிட அதற்கு வயது அதிகம். இரண்டாவது இலையுதிர்காலத்தில் அதன் கிளைகள் கூரை ஓட்டை உரசத் தொடங்கின. காற்றடிக்கும் இரவுகளில் மாடியில் யாரோ பாயை இழுப்பதுபோல் சத்தம் கேட்கும்.

ஊரில் முருங்கை கூரைமேல் சாய்ந்தால் அப்பா அரிவாளோடு ஏணியில் ஏறுவார். அந்த நினைப்பில், மரம் வெட்டுபவரை வரவழைத்து, “கொஞ்சம் குறைத்துவிடுங்கள்” என்றேன். அவர் ரம்பத்தை வண்டியிலிருந்து இறக்கவே இல்லை. “இந்த மரத்துக்குப் பாதுகாப்பு ஆணை இருக்கிறதா, பார்த்தீர்களா?” என்று கேட்டார். உள்ளூர் கவுன்சில் வெட்டக் கூடாதென்று அப்படி ஆணை போட்ட மரத்தில், அதன் அனுமதியில்லாமல் கை வைத்தால் வெட்டியவரும் வெட்டச் சொன்னவரும் சேர்ந்தே மாட்டிக்கொள்வார்களாம். மரத்தையே அழித்துவிட்டால், இங்கிலாந்தில் அபராதத்துக்கு உச்சவரம்பே கிடையாது.

அன்றிரவு வீடு வாங்கிய காகிதக்கட்டைப் பிரித்தோம். வீட்டைப் பற்றி விசாரித்து வழக்கறிஞர் அனுப்பிய தேடல் அறிக்கையில், ஆணை இருக்கிறது என்று ஒரே ஒரு வரி இருந்தது. எங்கள் மரத்துக்கு ‘டி3’ என்று எண்ணே கொடுத்திருந்தார்கள். “கையெழுத்துப் போடும்முன் எல்லாவற்றையும் படித்துவிட்டேன் என்றீர்களே?” என்றாள் மனைவி. நான் அடுத்த பக்கத்தைப் புரட்டினேன்.

அனுமதி கேட்டுக் கவுன்சிலுக்குப் போடும் விண்ணப்பத்துக்குக் கட்டணம் இல்லை, இணையத்திலேயே அனுப்பலாம். மரத்தின் வகை, அது நிற்கும் இடத்தைக் காட்டும் வரைபடம், செய்யப்போகும் வேலை, அதற்கான காரணம் எல்லாம் வேண்டும். வேலை என்ற இடத்தில் ‘கிளைகளை முப்பது சதவீதம் குறைக்க வேண்டும்’ என்று எழுதினேன். கொஞ்சம் என்பதைவிட அது துல்லியம் என்ற பெருமிதம் வேறு. பத்து நாளில் திரும்பி வந்தது. எதில் முப்பது சதவீதம், உயரத்திலா, அகலத்திலா, இலைப்பரப்பிலா? மீட்டரில் சொல்லுங்கள், எந்தப் பக்கத்துக் கிளைகள் என்று படத்தில் குறியுங்கள் என்றிருந்தது. கவுன்சில் முடிவு சொல்ல வேண்டிய எட்டு வாரக் கெடு, விண்ணப்பம் முழுமையாகக் கிடைத்த நாளிலிருந்துதான் ஓடத் தொடங்கும். ஆக, அந்தப் பத்து நாளும் வீண்.

ஏணியும் அளவு நாடாவுமாக ஒரு சனிக்கிழமை போனது. உச்சியில் 4 மீட்டர் குறைக்க வேண்டும், வீட்டுப் பக்கக் கிளைகளில் கூரைக்கு 2 மீட்டர் இடைவெளி என்று எழுதி மீண்டும் அனுப்பினேன்.

இடையில் பக்கத்துத் தெரு நண்பர் வேறு குழப்பினார். “ஆறு வாரம் பதில் வராவிட்டால் வெட்டிவிடலாம், மௌனம் சம்மதம்.” அவர் இருப்பது பாரம்பரியப் பாதுகாப்புப் பகுதி; அங்கே ஆணை இல்லாத மரத்துக்கு முன்னறிவிப்புக் கொடுத்தால் போதும், ஆறு வாரம் கழிந்தால் வெட்டலாம். ஆணை உள்ள மரத்துக்கு அது பொருந்தாது. எட்டு வாரம் ஆகியும் பதில் இல்லையென்றால் மேல்முறையீடு செய்யலாமே தவிர, ரம்பத்தை எடுக்க முடியாது. நல்லவேளை, நண்பர் பேச்சைக் கேட்கவில்லை.

ஐந்தாவது வாரம் கவுன்சிலின் மர அலுவலர் வந்தார். தேநீர் வேண்டாம் என்றுவிட்டு நேரே மரத்தடிக்குப் போனார். ஒரு சிறிய சுத்தியலால் அடிமரத்தைச் சுற்றித் தட்டிக் காதைக் கொடுத்துக் கேட்டார். சந்தையில் அம்மா தேங்காயைத் தட்டிப் பார்ப்பது நினைவுக்கு வந்தது. பிறகு தொலைநோக்கியால் உச்சியை அலசினார். நான் வெயில் வருவதில்லை, இலை விழுந்து கூரைக் கால்வாய் அடைக்கிறது என்று புலம்பினேன். “மரமென்றால் இலை விழத்தான் செய்யும்” என்றார், சிரிக்காமல். உச்சியை வெட்டினால் அந்தப் பெரிய காயங்கள் மூடாது, அங்கேதான் அழுகல் இறங்கும் என்றும் விளக்கினார். தெருப்பக்கம் நீட்டியிருந்த பட்ட கிளைகளைக் காட்டி, “இவற்றை அகற்ற எங்களைக் கேட்கவே வேண்டாம்” என்றார். அது முன்பே தெரிந்திருந்தால் பாதிப் பயம் போயிருக்கும்.

முடிவு ஏழாவது வாரம் வந்தது. கூரைப் பக்கத்து 2 மீட்டருக்கு அனுமதி, உச்சி 4 மீட்டருக்கு மறுப்பு. வேலை, மரம் வெட்டும் முறைக்கான பிரிட்டிஷ் தரம் 3998இன்படி, இரண்டு ஆண்டுக்குள் முடிய வேண்டும். மறுப்பை எதிர்த்து 28 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம் என்றும் இருந்தது. நான் செய்யவில்லை. சுத்தியல்காரர் சொன்னதில் நியாயம் இருந்தது.

கடிதம் வந்தபோது வசந்தகாலம். மரம் வெட்டுபவர் ஏறிப் பார்த்துவிட்டு, உள்ளே பறவைக் கூடு இருக்கிறது, இப்போது தொட மாட்டேன் என்று இறங்கிவிட்டார். பயன்பாட்டிலுள்ள கூட்டைக் கலைப்பது 1981ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டப்படி தனிக் குற்றம். அக்டோபரில் அரை நாளில் வேலை முடிந்தது. பாய் இழுக்கும் சத்தம் நின்றது.

அணில்கள் மட்டும் கொல்லையிலிருந்த கறிவேப்பிலைத் தொட்டியில் ஓக் கொட்டைகளைப் புதைத்திருக்கின்றன. குளிருக்குப் பயந்து வீட்டுக்குள் எடுத்து வைத்த அந்தத் தொட்டியில், போன வாரம் ஒன்று முளைவிட்டிருந்தது. பிடுங்கப் போன மனைவி பாதியில் நிறுத்தி, “இதற்கும் எண் போட்டிருப்பார்களா?” என்று கேட்டாள்.