தொடர்பு எல்லைக்கு வெளியே

மார்ச் 10, 2025
தம்பி தங்கலுக்கு, வாரக்கணக்கில் கடலிலேயே தங்கி மீன் பிடிக்க, போய் இன்றோடு 33 நாள். போன் போட்டால் அதே பதில்தான்.

மார்ச் 12
தூக்கம் வரவில்லை. மொட்டை மாடியில் நின்றேன். அவன் கிளம்புவதற்கு முன்னால் ஒருநாள் அந்தியில் இங்கே நின்றுதான் விண்வெளி நிலையத்தைக் காட்டினேன். விமானம் போல மினுக்கவில்லை. ஒரே சீராக ஊர்ந்து வந்து நடுவானில் மங்கி அணைந்தது. "எங்க போச்சு?" என்றான். பூமியின் நிழலுக்குள் போய்விட்டது, ஓட்டம் நிற்கவில்லை என்றேன். 2000 நவம்பர் 2 முதல் அங்கே ஆளில்லாத நாள் கிடையாது. அவனுக்கு 23 வயது. மேலே ஆளில்லாத வானத்தின் கீழ் அவன் ஒரு நாள்கூட இருந்ததில்லை!

மார்ச் 13
அம்மா இன்றும் மீன் தொடவில்லை. தவக்காலம் என்கிறாள்.

மார்ச் 15
தண்ணீர் ஞாபகமாகவே இருக்கிறது. மேலே நிலையத்தில் வியர்வை, சிறுநீர், மூச்சின் ஈரம் எல்லாவற்றையும் பிடித்துச் சுத்தம் செய்து, 98 சதவீதம் வரை திரும்ப எடுத்துவிடுகிறார்கள். போட்டில் டாங்க் காலியானால் காலிதான். கடைசி வாரம் குளிப்பெல்லாம் உப்புத் தண்ணீரில் என்பான். நிலையம் தலைக்கு மேல் சுமார் 400 கிலோமீட்டர். அவன் அதைவிடத் தூரத்தில் இருப்பான்.

மார்ச் 16
வேறொரு போட்டுக்காரர் வயர்லெஸில் பேசினாராம். எல்லாரும் சுகம். என்றைக்குப் பேசினார் என்று கேட்டேன். சொல்லத் தெரியவில்லை.

மார்ச் 18
காலை 10.35. விண்வெளி வீரர்கள் சுனிதா வில்லியம்ஸ், புட்ச் வில்மோர் இருந்த கலம் நிலையத்தை விட்டுப் பிரிந்துவிட்டது. எட்டு நாள் என்று போனவர்களுக்கு ஒன்பது மாதம் ஆகிவிட்டது. அதற்குள் சுனிதா நிலையத்தின் கமாண்டர் ஆனார், ஜனவரியில் இரண்டு முறை வெளியே மிதந்து வேலை பார்த்தார். அவர் வீட்டார் எப்படித் தூங்கியிருப்பார்கள்?

மார்ச் 19
மூன்று மணிக்கே அம்மாவை எழுப்பிவிட்டேன். 3.27க்கு நாலு பாராசூட்டும் சாய, கலம் புளோரிடா பக்கம் கடலில் இறங்கியது. "கடல்லயா மக்களே இறங்குறாவ?" என்று முந்தானையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டாள். கலத்தைச் சுற்றி டால்பின்கள். "ஓங்கலு நிக்குது பாரு" என்றாள். அப்புறம் சிலுவை போட்டாள். 286 நாள் எடையில்லாமல் இருந்த கால்கள், நடக்க விடாமல் ஸ்ட்ரெச்சரில் வைத்தார்கள். தம்பிக்கும் கரையேறிய அன்று தரை ஆடும். சுவரைப் பிடித்துக்கொண்டுதான் அடுக்களைக்கு வருவான்.

மார்ச் 21
மேகம்.

மார்ச் 22
காலை 5.40. ரிங் போகிறது. எடுக்கவில்லை. தேங்காப்பட்டணம் துறைமுகத்துக்கு ஆட்டோ சொல்லியாயிற்று. அம்மா செருப்பைத் தேடுகிறாள். மறுபடி போட்டேன், ரிங் போகிறது