மண் கிடைக்காத காலத்துப் பீங்கான்

பிரெஞ்சுப் பீங்கான் என்றதும் எல்லோரும் லிமோஜ் நகரத்தின் பேரைத்தான் சொல்கிறார்கள். எனக்குப் பிடித்தது அதற்கு முந்தைய காலம். கயோலின் என்ற வெள்ளை மண் தங்கள் நாட்டில் இருப்பதே பிரெஞ்சுக்காரர்களுக்குத் தெரியாத காலம்.

மண் இல்லாமல் எப்படிப் பீங்கான் செய்வது? மணல், வெடியுப்பு, கடலுப்பு, சோடா, படிகாரம், ஜிப்சம் எல்லாவற்றையும் சூளையில் உருக்கிக் கட்டியாக்கினார்கள். அதைப் பொடித்து, சுண்ணாம்புச் சத்துள்ள களிமண்ணோடு பிசைந்தார்கள். இதுதான் மென்பீங்கான். பிடித்த பிடிக்கு வளைந்து கொடுக்காது. சுடும்போது தொய்ந்து, உடைந்து, ஏகப்பட்டது வீணாகும். 1740இல் பாரிஸ் பக்கத்து வான்சென் கோட்டையில் தொடங்கிய பட்டறை இதோடுதான் மல்லுக்கட்டியது. 1756இல் பாரிஸை ஒட்டிய செவ்ர் என்ற ஊருக்கு இடம் மாறியது. 1759இல் பதினைந்தாம் லூயி மன்னரே அதை வாங்கிக்கொண்டார்.

இவ்வளவு பாடும் எதற்கு என்பது செவ்ர் அருங்காட்சியகத்தில் பார்த்தால் புரியும். (பாரிஸ் மெட்ரோ ஒன்பதாம் தடத்தின் கடைசி நிலையத்தில் இறங்கி, சேன் நதிப் பாலத்தைத் தாண்டினால் போதும்.) மென்பீங்கானின் மெருகில், அதாவது மேலே கண்ணாடி போலப் படியும் பூச்சில், ஈயம் உண்டு, அதனால் குறைந்த சூட்டிலேயே இளகும். மேலே தீட்டிய வண்ணத்தைச் சுடும்போது மெருகும் கூடவே இளகி, வண்ணத்தை உள்ளே வாங்கிக்கொள்ளும். கயோலின் பீங்கானின் மெருகு 1,400 டிகிரி செல்சியஸ் வாக்கில் உருகி இறுகியது. அதில் வண்ணம் மேலோட்டமாகத்தான் ஒட்டும். ழான் எலோ என்ற வேதியியலாளர் 1753இல் செம்பை வைத்து உண்டாக்கிய வானநீலம் மென்பீங்கானில்தான் அப்படி ஒளிரும்.

1768 வாக்கில் லிமோஜ் அருகே சென்-திரியே ஊரில் கயோலின் அகப்பட்டது. டார்னே என்ற மருத்துவரின் மனைவி துணி வெளுக்கத் தேடிய வெள்ளை மண் அது என்று சொல்வார்கள். சரி, கயோலின் வந்தாயிற்றே, பழையதை விட்டுவிட்டார்களா? இல்லை. 1776இல் ரஷ்யப் பேரரசி கேத்தரின் 700க்கும் மேற்பட்ட உருப்படிகள் கேட்டபோது, அந்த நீலத்துக்காகவே மென்பீங்கானில் செய்து கொடுத்தார்கள். அந்தத் தட்டுகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு நிறைந்துவிடும்.

1800இல் செவ்ர் பட்டறையின் பொறுப்பை ஏற்ற அலெக்சாந்தர் ப்ரோன்ஞார் செலவையும் சேதத்தையும் பார்த்து 1804இல் மென்பீங்கானை நிறுத்தினார். நிர்வாகியாக அவர் செய்தது நியாயம்தான், ஆனாலும் எனக்கு ஆறவில்லை. கிடங்கில் வண்ணம் தீட்டாமல் கிடந்த வெள்ளைப் பாத்திரங்களையும் விற்றுத் தள்ளினார். வாங்கிய வியாபாரிகள் அவற்றில் பழைய பாணியில் ஓவியம் தீட்டி, அரச காலத்துச் செவ்ர் என்றே விற்றார்கள். அதனால்தான் இன்றைக்கும் ஏலத்தில் பழைய செவ்ர் கோப்பை வந்தால், அடியில் செவ்ரின் அடையாளமான, பின்னிய இரண்டு 'எல்' எழுத்து முத்திரையை மட்டும் யாரும் நம்புவதில்லை. ஓவியத்தையும் பொன் பூச்சையும் தனியாகச் சோதிக்கிறார்கள்.